மெஷினில் ஒன்றரை மணி நேரம்... ரிசல்ட்டுக்கு ஏன் ரெண்டு நாள்? பி.சி.ஆர் டெஸ்ட்டின் நேரக் கணக்கு!

"இன்னிக்குக் குடுத்தா எப்பங்க ரிசல்ட் வரும்?"

சேலம் நாலு ரோடு, அஞ்சு ரோடு பக்கமாகட்டும், நாமக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கமாகட்டும்... எந்த லேப் கவுன்ட்டரில் நின்றாலும் காதில் விழும் கேள்வி இது. பதிலும் அநேகமாக ஒன்றுதான். "24-ல இருந்து 48 மணி நேரம் ஆகும்ங்க." இந்தப் பதில் பொய்யில்லை. ஆனால், கேட்டவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. வீட்டில் காய்ச்சலோடு ஒரு குழந்தை படுத்திருக்கும்போது 24-க்கும் 48-க்கும் நடுவில் ஒரு முழு ராத்திரி இருக்கிறதே!

இத்தனைக்கும், ஆர்.டி-பி.சி.ஆர் மெஷினுக்குள் உங்கள் சாம்பிள் இருக்கப்போவது சுமார் ஒன்றரை மணி நேரம்தான். அப்படியானால் மிச்ச நேரம் எங்கே போகிறது? அந்தக் கணக்கு தெரிந்தால், உங்கள் ரிசல்ட் எப்போது வரும் என்று ஓரளவு நீங்களே சொல்லிவிட முடியும். எங்கே கேட்டால் ஒரு நாளை மிச்சப்படுத்தலாம் என்பதும் பிடிபடும்.

கொரோனா சொல்லிக்கொடுத்த பாடம்

பி.சி.ஆர் என்ற மூன்று எழுத்து நம் வீட்டுப் பேச்சுக்குள் வந்தது 2020-ல். அந்த ஆண்டு ஜனவரியில் தமிழ்நாட்டு சாம்பிள்கள் புனேவில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனத்துக்குத்தான் போயின. பிப்ரவரியில் சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் பரிசோதனை தொடங்கியது. மார்ச் இறுதிக்குள் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி லேப்பும் ஐ.சி.எம்.ஆர் பட்டியலில் சேர்ந்துவிட்டது. பல மாநிலங்கள் ரேபிட் ஆன்டிஜன் டெஸ்ட்டையும் கலந்து செய்தபோது, தமிழ்நாடு பி.சி.ஆரையே நம்பி நின்றது. துல்லியம் கிடைத்தது. அதற்குக் கொடுத்த விலை, காத்திருப்பு.

நாமக்கல்லில் அப்போது மருத்துவக் கல்லூரி கிடையாது. 2022 ஜனவரி 12-ம் தேதி ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஒன்றாகத்தான் அது வந்தது. பக்கத்தில் லேப் இல்லாத ஊரில் எடுக்கும் சாம்பிள், லேப் இருக்கும் ஊர் வரைக்கும் முதலில் வண்டியில் போக வேண்டும். கொல்லிமலையில் எடுத்தால் 70 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி வர வேண்டும். ஒவ்வொரு சாம்பிளுக்கும் ஒரு வண்டி அனுப்ப முடியாதில்லையா? காலையிலிருந்து எடுத்ததையெல்லாம் ஐஸ் பெட்டியில் சேர்த்து வைத்து, சாயந்திரம் ஒரே டிரிப்பாக அனுப்புவார்கள். காலை 9 மணிக்கு மூக்கில் குச்சி விட்டுக்கொண்டவரின் சாம்பிளும், மதியம் 3 மணிக்கு வந்தவரின் சாம்பிளும் லேப் வாசலைத் தொடும் நேரம் ஒன்றுதான். காலையில் வந்தவருக்கு ஆறு மணி நேரம் கணக்கில் வராமலேயே கரைந்துவிடுகிறது.

இந்த ஐஸ் பெட்டி விஷயத்தில் அலட்சியம் கூடாது. மூக்கு, தொண்டை ஸ்வாப் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். மூன்று நாளுக்கு மேல் தாமதமானால் மைனஸ் 70 டிகிரி ஃப்ரீசர் தேவை. ஆர்.என்.ஏ என்பது சீக்கிரம் சிதைந்துபோகும் பொருள். சேலத்து ஏப்ரல் வெயிலில் பெட்டி திறந்து கிடந்தால், இருக்கிற வைரஸும் இல்லை என்று வந்துவிடலாம்.

லேப்புக்குள் என்ன நடக்கிறது?

சாம்பிள் வந்ததும் யாரும் நேராக மெஷினில் வைப்பதில்லை. முதலில் பார்கோடு, படிவம், ட்யூபில் எழுதியிருக்கும் பெயர் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். கேட்க சின்ன வேலை மாதிரி இருக்கும். ஒரே பெட்டியில் நாலு பழனிசாமி, மூணு செல்வி இருந்தால் தெரியும் சிரமம்!

அடுத்து, பாதுகாப்புப் பெட்டிக்குள் வைத்து ட்யூபைத் திறந்து, வைரஸை உடைத்து, ஆர்.என்.ஏ-வைப் பிரித்தெடுப்பார்கள். வேலை அதிகம் பிடிப்பது இங்கேதான். கையால் செய்தால் ஒருவர் இருபது சொச்சம் சாம்பிளை முடிக்க ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். ஆட்டோமேட்டிக் மெஷின் இருந்தால் 32 அல்லது 96 சாம்பிளை அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடும். ஆனால், அதற்குள் சாம்பிளைப் பிரித்து ஊற்ற மனிதக் கை வேண்டும்.

பிறகு, வேறு அறையில் தயாரித்த ரசாயனக் கலவையோடு ஆர்.என்.ஏ-வைச் சேர்த்து, ஒரு பிளேட்டின் குழிகளில் துளித் துளியாக விட வேண்டும். நம்ம ஊர் முட்டை அட்டையில் 30 குழி. இந்த பிளேட் உள்ளங்கை அளவுதான், ஆனால் 96 குழி. அதில் இரண்டு குழி லேப்புக்கே சொந்தம். ஒன்றில் 'கண்டிப்பாக பாசிட்டிவ்' வர வேண்டிய திரவம், இன்னொன்றில் 'கண்டிப்பாக நெகட்டிவ்' வர வேண்டியது. இந்த இரண்டும் சரியாக வந்தால்தான் மற்ற 94 பேரின் ரிசல்ட்டை நம்பலாம்.

இதற்கப்புறம்தான் மெஷின். முதலில் 50 டிகிரி சூட்டில் ஆர்.என்.ஏ, டி.என்.ஏ-வாக மாறும். கால் மணியிலிருந்து அரை மணி நேரம். அப்புறம் 95 டிகிரிக்குச் சூடேறி, 60 டிகிரிக்கு இறங்கி, மறுபடி ஏறி... இப்படி 40 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் வைரஸின் மரபணுத் துண்டு இரண்டு மடங்காகும். 10 சுற்றில் ஒன்று ஆயிரமாகும். 30 சுற்றில் 100 கோடியைத் தாண்டும். 40 சுற்று முடிந்தால் ஒரு லட்சம் கோடிக்கும் மேல். ஒரு சுற்றுக்கு ஒன்றேகால் நிமிடம் என்று வைத்தால் 40 சுற்றுக்கு 50 நிமிடம். முன்னே பின்னே உள்ளதையும் சேர்த்தால் ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரம். 1983-ல் கேரி முல்லிஸ் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்த முறை இது. பத்து வருஷம் கழித்து, 1993-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்த 40 சுற்றை யாராலும் அவசரப்படுத்த முடியாது. மேலிடத்திலிருந்து போன் வந்தாலும் மெஷின் அதே வேகத்தில்தான் ஓடும். சிபாரிசு வேலை செய்வதெல்லாம் வரிசையில்தான்.

இட்லி குண்டான் கணக்கு

வீட்டில் இட்லி ஊற்றுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும். ஒரு இட்லி ஊற்றினாலும், பதினாறு ஊற்றினாலும் வேகும் நேரம் ஒன்றுதான். அதனால் ஒரே ஒரு இட்லிக்காக யாரும் அடுப்பைப் பற்றவைப்பதில்லை. தட்டு நிறையட்டும் என்று பார்ப்போம். பி.சி.ஆர் லேப்பும் அப்படித்தான். ஒரு சாம்பிளை ஓட்டினாலும் அந்த இரண்டு கன்ட்ரோல் குழிகளைச் செலவழித்தே ஆக வேண்டும்.

ஒரு சின்ன உதாரணம் போடலாம். ஒரு லேப்புக்கு சாயந்திரம் 6 மணிக்கு 300 சாம்பிள் வருகிறது. ஒரு பிளேட்டுக்குப் பதிவும் ஆர்.என்.ஏ பிரிப்பும் சேர்த்து 2 மணி நேரம். கலவை ஊற்ற அரை மணி. மெஷினில் ஒன்றரை மணி. ரிசல்ட்டைப் பார்த்து, சரிபார்த்து, கம்ப்யூட்டரில் ஏற்ற அரை மணி. மொத்தம் நாலரை மணி நேரம். அப்படியானால் எல்லோருக்கும் ராத்திரி பத்தரைக்கு ரிசல்ட் வந்துவிடுமா?

முதல் 94 பேருக்குத்தான் வரும். 300 சாம்பிளுக்கு நாலு பிளேட் தேவை. ஆர்.என்.ஏ பிரிக்க ஒரே மேசைதான் இருக்கிறது என்றால், ஒவ்வொரு பிளேட்டும் இரண்டு மணி நேர இடைவெளியில்தான் வெளியே வரும். பத்தரை, பன்னிரண்டரை, இரண்டரை, கடைசியாக விடியற்காலை நாலரை.

இப்போது இந்த லேப்புக்கு இன்னொரு பி.சி.ஆர் மெஷின் வாங்கிக் கொடுத்தால்? கடைசி ரிசல்ட் அப்போதும் நாலரைக்குத்தான் வரும். ஏனென்றால், மெஷின் ஏற்கெனவே நடுநடுவில் சும்மாதான் நிற்கிறது. ஆர்.என்.ஏ பிரிக்கும் இடத்தில்தான் நெரிசல். அந்த இடத்தை இரட்டிப்பாக்கினால், கடைசி ரிசல்ட் அதிகாலை 3 மணிக்கு வரும். அதற்குமேல் குறையாது. நெரிசல் இப்போது பி.சி.ஆர் மெஷினுக்கு மாறியிருக்கும். 'புது மெஷின் வந்தாச்சு, இனி ரிசல்ட் சீக்கிரம்' என்று எங்காவது படித்தால், எந்த மெஷின் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

இதில் பாவப்பட்டவர் யார் தெரியுமா? 283-வது ஆள். மூன்று பிளேட்டில் 282 பேர்தான் அடங்குவார்கள். 282-வது சாம்பிளுக்கும் 283-வதுக்கும் நடுவில் இரண்டு மணி நேரம். நைட் ஷிஃப்ட் இல்லாத லேப் என்றால் ஒரு முழு ராத்திரியே போய்விடும்.

வரிசை வளர்வது வேகம்... கரைவது மெதுவு

இதைவிடப் பெரிய தாமதம், தேங்கிப்போன சாம்பிளால் வருவது. ஒரு லேப்பால் நாளைக்கு 1,000 செய்ய முடியும், தினம் 1,200 வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் 200 மிச்சம். யாருக்கும் தெரியாது. ஐந்தாம் நாள் 1,000 மிச்சம். அதாவது, புதிதாக வருகிறவர் ஒரு முழு நாள் வரிசையில் நிற்கிறார். பத்தாம் நாள் இரண்டு நாள் தாமதம். அதற்குப் பிறகு தொற்று குறைந்து தினம் 900 மட்டுமே வந்தாலும், தேங்கிய 2,000-ஐத் தினம் 100 வீதம்தான் கரைக்க முடியும். அதற்கு இருபது நாள்!

2021 மே 21-ம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. அதன் பிறகு மாநில எண்ணிக்கை இறங்கத் தொடங்கியும், கொங்கு மாவட்டங்களில் இறங்க நாளானது. டி.வி-யில் ஓடிய அந்த எண்கள் அன்று ரிசல்ட் உறுதியானவர்களுடையவை. சாம்பிள் கொடுத்த நாளுடையவை அல்ல. வரிசை நீளமாக இருக்கும் காலத்தில் நாம் பார்ப்பது, சில நாளுக்கு முன்னால் நடந்து முடிந்த கதை.

வரிசையைக் குறைக்க ஐ.சி.எம்.ஆர் 2020 ஏப்ரலில் ஒரு வழி சொன்னது. அதிகபட்சம் ஐந்து பேரின் சாம்பிளை ஒன்றாகக் கலந்து ஒரே டெஸ்ட் செய்வது. நெகட்டிவ் என்றால் ஐந்து பேரும் நெகட்டிவ். பாசிட்டிவ் என்றால் ஐவரையும் தனித்தனியாக மறுபடி பார்க்க வேண்டும். நூறில் இரண்டு பேருக்குத்தான் தொற்று என்றால் இது அருமையான யோசனை. 20 கலவையில் சுமார் இரண்டுதான் பாசிட்டிவ் ஆகும். 100 டெஸ்ட்டுக்குப் பதில் 30 போதும். நூறில் பத்து பேருக்குத் தொற்று என்றால் 20-ல் எட்டு கலவை பாசிட்டிவ் ஆகிவிடும். அந்த நாற்பது பேருக்கு டெஸ்ட் இரண்டு முறை, காத்திருப்பும் இரண்டு மடங்கு. அதனால்தான் தொற்று குறைவான பகுதிகளுக்கு மட்டும் என்று நிபந்தனை போட்டார்கள்.

'இன்கன்க்ளூசிவ்', அதாவது முடிவு தெளிவில்லை என்று ஒரு ரிப்போர்ட் வருமே, அதுவும் நேரத்தைத் தின்னும். ஒவ்வொரு சாம்பிளிலும் மனித மரபணு ஒன்று தெரிகிறதா என்றும் மெஷின் பார்க்கும். அதுவே தெரியவில்லை என்றால், குச்சி மூக்கில் சரியாகப் படவில்லை என்று அர்த்தம். மறுபடி சாம்பிள், மறுபடி வரிசை. அந்த நெகட்டிவ் கன்ட்ரோல் குழியில் பாசிட்டிவ் வந்துவிட்டால் இன்னும் மோசம். எங்கோ கலப்பு நடந்திருக்கிறது. மொத்த பிளேட்டையும் திரும்பச் செய்ய வேண்டும். ஸ்வாப் எடுக்கும்போது கண்ணில் தண்ணீர் வருகிறதே என்று தலையைப் பின்னால் இழுக்காதீர்கள். அந்த ஐந்து நொடி ஒரு நாளை மிச்சப்படுத்தும்.

தோசைக்கல் மெஷின்கள்

எல்லா பி.சி.ஆரும் இட்லி குண்டான் இல்லை. தோசைக்கல் மாதிரி, வருகிறவருக்கு அப்போதைக்கப்போது சுட்டுத் தருகிற மெஷின்களும் உண்டு. காசநோய்க்கு அரசு மருத்துவமனைகளில் இலவசமாகச் செய்யும் சி.பி.நாட், ட்ரூநாட் இரண்டும் இந்த வகை. சளி சாம்பிளை ஒரு கார்ட்ரிட்ஜில் அல்லது சிப்பில் ஏற்றி மெஷினில் செருகினால், பிளேட் நிறையக் காத்திருக்க வேண்டாம். சி.பி.நாட் இரண்டு மணி நேரத்துக்குள் சொல்லிவிடும். கிருமி இருக்கிறதா என்பதோடு, ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது கட்டுப்படுமா என்பதையும் சேர்த்தே சொல்லும். ட்ரூநாட்டில் கிருமி இருக்கிறதா என்று தெரிய சுமார் ஒரு மணி நேரம். மருந்து விஷயத்துக்கு இன்னொரு சிப், இன்னொரு மணி நேரம். இதையே கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் முறையில் செய்தால் ஆறு வாரம் வரை ஆகலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால், இந்த டெஸ்ட்டைத் தள்ளிப்போட லேப் தாமதம் ஒரு காரணமே இல்லை.

ஆனால் தோசைக்கல்லின் குறையும் இதற்கு உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு, நாலுதான் போட முடியும். நூறு பேர் வந்தால் குண்டான்தான் ஜெயிக்கும்.

கோழிப்பண்ணையின் காத்திருப்பு

நாமக்கல்லில் பி.சி.ஆருக்காகக் காத்திருப்பவர்கள் மனிதர்கள் மட்டுமில்லை. பண்ணையில் கோழிகள் திடீரென்று கூட்டமாகச் செத்தால் அது வெள்ளைக்கழிச்சலா, பறவைக் காய்ச்சலா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. நாமக்கல்லிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனால், பறவைக் காய்ச்சல் என்று அதிகாரபூர்வமாக உறுதிசெய்ய சாம்பிள் போபாலில் உள்ள தேசிய உயர் பாதுகாப்பு விலங்கு நோய் நிறுவனத்துக்குப் போக வேண்டும். அத்தனை ஆபத்தான வைரஸைக் கையாள அங்கேதான் தகுந்த பாதுகாப்பு வசதி.

டெஸ்ட்டுக்குச் சில மணி நேரம்தான். போபால் போய்ச் சேருவதற்குத்தான் நாளாகிறது. வைரஸை வளர்த்துப் பார்க்கும் முறைக்கு இன்னும் பல நாள் ஆகும். வேடிக்கை என்னவென்றால், அந்த வைரஸை வளர்ப்பதே கருவுற்ற கோழிமுட்டையில்தான்!

2021 ஜனவரியில் கேரளத்தின் ஆலப்புழா, கோட்டயம் வாத்துகளில் எச்5என்8 வகை பறவைக் காய்ச்சலை உறுதிசெய்ததும் போபால் லேப்தான். இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் இங்கே நோய் இல்லாமலேயே முட்டை விலை சரியும். நாமக்கல் முட்டைக்குக் கேரளா பெரிய மார்க்கெட் ஆயிற்றே. கோழி ரிசல்ட்டுக்காக முட்டையிடுவதை நிறுத்தாது. தினம் வருகிற முட்டை குடோனில் அடுக்கிக்கொண்டே போகும். உறுதியானால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் எல்லாப் பறவைகளையும் அழிக்க வேண்டும் என்பது விதி. அதனால் அவசரப்பட்டு அறிவிக்கவும் முடியாது. தாமதித்தால், அதற்குள் நோய் அடுத்த பண்ணைக்குப் போய்விடலாம். பண்ணைக்காரருக்கு அந்த இரண்டு, மூன்று நாள் எப்படிப் போகும் என்பதை எந்த டர்ன்அரவுண்ட் டைம் அட்டவணையும் சொல்லாது.

கவுன்ட்டரில் என்ன கேட்க வேண்டும்?

"எப்ப வரும்?" என்பதை விட்டுவிடுங்கள். முதலில், "டெஸ்ட் இங்கேயே பண்றீங்களா, வெளியூர் அனுப்புறீங்களா?" என்று கேளுங்கள். நம்ம ஊர்களில் இருக்கும் பல தனியார் மையங்கள் சாம்பிள் எடுக்கும் இடங்கள் மட்டுமே. மெயின் லேப் சென்னையிலோ, கோவையிலோ, பெங்களூரிலோ இருக்கும். அப்படியானால் அடுத்த கேள்வி, "இன்னிக்கு வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும்?"

மூன்றாவது, "இந்த டெஸ்ட்டைத் தினமும் ஓட்டுறீங்களா?" ஃப்ளூ மாதிரி கூட்டம் வரும் டெஸ்ட் தினமும் ஓடும். ஹெபடைடிஸ் பி வைரல் லோடு மாதிரி அபூர்வமாக வருவதை, பிளேட் நிறையட்டும் என்று வாரத்தில் ஓரிரு நாள் மட்டும் ஓட்டும் லேப்கள் உண்டு. செவ்வாய் ஓடும் டெஸ்ட்டுக்குப் புதன்கிழமை ரத்தம் கொடுத்தால் ஒரு வாரம் போச்சு. டெங்குவுக்கு எடுக்கும் எலைசா டெஸ்ட்டும் 96 குழி பிளேட்தான். அங்கேயும் இதே இட்லி கணக்கு.

ரிசல்ட் வரும்வரை சிகிச்சைக்காகக் காத்திருக்கலாமா? இது டாக்டரிடம் நேராகக் கேட்க வேண்டிய கேள்வி. பன்றிக் காய்ச்சலுக்கான இந்திய அரசின் வழிகாட்டுதல் நோயாளிகளை மூன்றாகப் பிரிக்கிறது. லேசான காய்ச்சல், தொண்டை வலி உள்ள 'ஏ' பிரிவுக்கு டெஸ்ட்டே தேவையில்லை. கர்ப்பிணிகள், முதியவர்கள், சர்க்கரை நோயாளிகள் போன்ற 'பி' பிரிவினருக்கும் டெஸ்ட் இல்லாமலே டாக்டர் மருந்து தொடங்கலாம். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி உள்ள 'சி' பிரிவினருக்குத்தான் டெஸ்ட். அவர்களையும் உடனே அட்மிட் செய்து, ரிசல்ட் வருமுன்பே சிகிச்சை தொடங்கிவிட வேண்டும். டாமிஃப்ளூ என்று பலருக்கும் தெரிந்த ஓசல்டாமிவிர் மாத்திரை, அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். லேப் சொல்லும் '24-ல இருந்து 48 மணி நேரத்தை' இதோடு வைத்துப் பாருங்கள்.

கவுன்ட்டரை விட்டு நகரும் முன் ஒன்று. பில்லில் போன் நம்பர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ரிப்போர்ட் ராத்திரி 11 மணிக்கே தயாராகி, தப்பான வாட்ஸ்அப் நம்பருக்குப் போய், நீங்கள் மறுநாள் சாயந்திரம் வந்து வரிசையில் நிற்பதும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான்.